பரண் எலிகளும் என் அக்காவின் கையும்

போன வாரம் நம் அடுக்குமாடிக்கு எலி ஒழிக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் ரப்பர் உறை, முகத்தில் துணி, பை நிறையப் பசை தடவிய அட்டைகள். அன்று மாலை கீழே பெஞ்சில் நாம் வழக்கம்போல் கூடியபோது நம்மில் ஒருவர், "ஒரு எலியைப் பிடிக்கக்கூட இந்தக் காலத்தில் கம்பெனி தேவைப்படுகிறது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆளுக்கொரு எலிக்கதை சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எலியை வெறுங்கையால் பிடிக்கும் ஒருத்தி இருந்தாள் என்று தொடங்க வாயெடுத்தேன். தொடங்கினால் மீதியையும் சொல்லியாக வேண்டும். நம் குகட்பள்ளிப் போக்குவரத்துச் சத்தத்தின் நடுவே, பெஞ்சில் உட்கார்ந்து சொல்லக்கூடியது அல்ல அந்த மீதி. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஒருத்தி என் அக்கா. அவளுக்கு அமைய இருந்த நல்ல இடம் ஒன்று ஒரு எலியால் கெட்டுப்போனது. அந்த எலியைத் திறந்துவிட்டவன் நான். எங்கள் வீட்டில் இது யாருக்கும் கடைசிவரை தெரியாது.

அப்போது நாங்கள் செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் இருந்தோம். ராணுவ நிலத்தை ஒட்டி ஓட்டு வீடுகள் ஒரு வரிசையாக இருக்கும். அப்பாவுக்கு ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை. அவருடைய தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைக்க வந்தவர் என்பார்கள். வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஆனால் தேனிப் பக்கத்துப் பேச்சும் குலதெய்வமும் எங்களை விட்டும் போகவில்லை. வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, அடுத்த வீட்டில் தக்கனி இந்தி. மூன்றிலும் சண்டை போடத் தெரியும் எங்களுக்கு.

கூடத்துக்கு மேலே பரண். கிடங்கில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டு அப்பாவே அடித்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. சில இடங்களில் அதைவிடப் பெரிது. அந்தப் பரணின் வாசனை இப்போதும் எனக்கு வரும். அந்துருண்டை, பழைய வெல்லப் பானை, மழைக்காலத்தில் ஓடு நனைந்த வாடை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் மூக்கைச் சுண்டும் எலி மூத்திரம். பித்தளைக் குடங்கள், உடைந்த அரிக்கன் விளக்கு, ஒரு காலில்லாத ஊஞ்சல் பலகை என்று என்னென்னவோ அங்கே கிடந்தன. எல்லாவற்றையும்விட மதிப்பானது சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்த இலவம்பஞ்சு மெத்தை. அக்காவின் கல்யாணச் சீருக்கென்று ஊரிலிருந்து பஞ்சை மூட்டையாக ரயிலில் கொண்டுவந்து, சிவப்புக் கோடு போட்ட துணி வாங்கித் தைத்தது. மெத்தை தயார், மாப்பிள்ளைதான் பாக்கி என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிச் சொல்லிச் சில வருஷங்கள் ஓடியிருந்தன.

அந்த ஆவணியில்தான் பஞ்சு பறக்க ஆரம்பித்தது.

முதலில் ஒன்றிரண்டு இழைகள். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ரசத்தில் வந்து மிதக்கும். பிறகு வெயில் விழும் இடத்திலெல்லாம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"குடும்பமே நடத்துதுக. மெத்தைக்குள்ள."

"யாரு?" என்றாள் அம்மா, தெரியாதவள் போல.

"யாரா? உன் பிள்ளையாரோட வாகனம்."

இங்கேதான் எங்கள் வீட்டுச் சிக்கலைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எலியைக் கொல்லக் கூடாது. பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அவர் ஏறி வரும் எலியை அடிப்பது எப்படி என்பது அப்பாவின் கேள்வி. பாஷாணம் ஆகாது. முறிக்கும் பொறியும் ஆகாது. அடுத்த வீட்டில் பட்டாளத்துக்குத் துணி தைக்கும் தையல்காரரின் மனைவி, நாங்கள் காலா, அதாவது சித்தி என்று கூப்பிடுகிறவள், பெரிய சாம்பல் நிறப் பூனை ஒன்று வைத்திருந்தாள். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஹமாரி பில்லி கு பேஜூம் க்யா? தோ தின் மே சப் சாஃப்" என்று சிரிப்பாள், எங்கள் பூனையை அனுப்பவா, இரண்டே நாளில் தீர்த்துவிடும் என்று. அம்மா இரண்டு கையையும் ஆட்டி, "நக்கோ காலா, நக்கோ!" என்று வேண்டாமென்பாள். பெண் பார்க்க ஆள் வரும் வீட்டில் பூனை குறுக்கே போனால் என்ன ஆவது?

ஆகவே உயிரோடு பிடித்து, உயிரோடு வெளியே விட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு அக்காவுக்கும் எனக்கும் வந்தது.

அக்கா கண்டுபிடித்த முறையைப் பெருமையோடு சொல்கிறேன், கேளுங்கள். எலி வெட்டவெளியில் ஓடாது. எப்போதும் சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். இதைப் பரணில் குப்புறப் படுத்துப் பார்த்துப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டை ஒன்றை எடுத்து, ஒரு காலை முடிச்சுப் போட்டு, இன்னொரு காலின் வாயைச் சுவரோரம் விரித்து வைப்பாள். எதிர்மூலையிலிருந்து நான் தேங்காய்ச் சிரட்டை அகப்பையால் பலகையைத் தட்டிக்கொண்டே ஊர்ந்து வருவேன். எலி சுவரோடு ஓடும். இருட்டான ஓட்டை தெரிந்ததும் கால்சட்டைக்குள் பாயும். அக்கா சட்டென்று வாயைத் திருகுவாள். பிறகு துணிக்கு மேலேயே தடவி, பிடரியைப் பிடித்துத் தூக்குவாள்.

"வாலப் புடிக்கக் கூடாதுடா. தோலு உரிஞ்சு கையோட வந்துரும். பாவம்."

"கடிக்காதா?"

"பிடரியப் புடிச்சா எங்கிட்டுத் திரும்பிக் கடிக்கும்? உன் காதப் புடிச்சா நீ வாத்தியாரக் கடிக்கிறியா?"

சில நாளில் துணியே தேவைப்படவில்லை. வெறுங்கையால் பிடித்தாள். அவள் கை மெலிந்த கை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். அந்த விரல்களுக்கு நடுவில் எலியின் மார்பு தபதபவென்று துடிப்பதை அருகில் வைத்துக் காட்டுவாள். எனக்குத் தெரிந்த பையன்களின் அக்காமார்கள் பல்லியைக் கண்டு கட்டில்மேல் ஏறுகிறவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் போய் அளந்ததற்கு அளவே இல்லை. "ஜூட்" என்றான் ஒருவன், நான் சொன்னது பொய்யாம். மறுநாள் ஒரு எலியைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாமென்றால் அக்கா விடவில்லை.

பிடித்ததை மூடியில் ஆணியால் துளை போட்ட பிஸ்கட் டின்னில் விடுவோம். காலையில் அப்பா அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவார். ராணுவ நிலத்தின் முள்ளுக்காட்டுப் பக்கம் நிறுத்தி, மூடியைத் திறந்து, வணங்குகிற மாதிரி குனிந்து, "போயிட்டு வாங்க" என்பார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். என் காதால் கேட்டேன். ஒருவரை 'போ' என்று சொல்லி அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அது எலியாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அன்று மாலை பரணில் மறுபடி சத்தம் கேட்டதும் கீழே எட்டிப் பார்த்து, "அப்பா, நீங்க வரச் சொன்னவுக வந்துட்டாக" என்றாள். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

இத்தனை பிடித்தும் எலி குறையவில்லை. அதன் காரணம் எனக்கு மட்டும் தெரியவந்தது.

பிள்ளையார் சதுர்த்தி கழிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று பொய் சொல்லி நடுவிலேயே வந்துவிட்டேன். கூடத்தில் அம்மா முக்காலிமேல் நின்றிருந்தாள். கையில் வாழையிலைத் துண்டு, அதில் ஆவி பறக்கப் பூரணக் கொழுக்கட்டை. அதைப் பரண் விளிம்பில் வைத்துவிட்டு, வாயைப் பலகை இடுக்கில் ஒட்டிவைத்து ஏதோ முணுமுணுத்தாள். கோவிலில் மூஞ்சூறின் காதில் வேண்டுதலைச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

"தை பொறக்கறதுக்குள்ள ஒரு நல்ல இடம். அவரு காதுல போட்டுரு சாமி."

என்னைப் பார்த்ததும் முக்காலி ஆடியது. இறங்கி வந்து ஒரு கொழுக்கட்டையை என் வாயில் அடைத்தாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. அவரு ஒரு பக்கம் சாமியோட வாகனத்தத் தொரத்துறாரு. நாமளாவது அது மனசக் குளிர வைக்கணும்ல?"

நான் மூச்சு விடவில்லை. செவ்வாய்தோறும் எனக்கும் பங்கு கிடைத்தது. கீழே அம்மா ஊட்டி வளர்ப்பதும் மேலே அக்காவும் நானும் பிடிப்பதுமாக அந்தப் பருவம் ஓடியது. சொல்லப்போனால் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மழைக்காலம் அது. ஓட்டில் மழை கொட்டும். பரணில் பஞ்சின்மேல் படுத்துக்கொண்டு அக்காவும் நானும் சத்தத்துக்காகக் காத்திருப்போம். அவள் எனக்குப் பின்னங்கழுத்தில் பஞ்சு இழையைப் போட்டுக் கூச வைப்பாள். எலி வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

ஐப்பசியில் தரகர் ஒரு போட்டோவோடு வந்தார். மாப்பிள்ளை நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வை வேலை. நம்ம ஊர்க்காரர்கள்தான். காட்டுப் பக்கம் குவார்ட்டர்ஸ். அம்மா போட்டோவை வாங்கிக்கொண்டு முதலில் பரணைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா எதற்கென்று கேட்கவில்லை.

அந்தப் போட்டோ சுவாமி அலமாரியிலிருந்து காணாமல் போயிற்று. வீடே தேடியது. நான் பரணில் மெத்தைக்குப் பின்னால் கண்டெடுத்தேன். அக்காதான் கொண்டுபோய் வைத்திருந்தாள். எலி ஒரு மூலையைக் கொறித்து, மாப்பிள்ளையின் வலது காதைத் தின்றிருந்தது. அவள் பிடுங்கிக்கொண்டு, தாவணி நுனியால் துடைத்துப் பார்த்தாள்.

"ஒரு காது போச்சு. பரவாயில்லை. நான் பேசறதக் கேக்க இன்னொண்ணு இருக்குல்ல?"

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் அப்போதே அறிந்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் அம்மா அக்காவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

"நாளைக்கு எலி கிலி ஓடுச்சுன்னா நீ புடிக்கப் பாஞ்சுராத. கத்தணும்."

"எப்படிம்மா கத்தறது?"

"எல்லாப் பொண்ணுகளும் கத்தற மாதிரிதான். 'ஐயோ அம்மா'ன்னு. கைய நெஞ்சுல வச்சுக்கிட்டு."

அம்மா கத்திக் காட்டினாள். அக்கா அதேபோல் கையை வைத்து, "ஐயோ அம்மா" என்றாள். கடைத்தெருவில் கொத்தமல்லி விலை கேட்கிற மாதிரி இருந்தது. மதிலுக்கு மேலே காலாவின் தலை வந்தது. "க்யா ஹுவா, கைக்கு சில்லாரே?" என்று, ஏன் கத்துகிறீர்கள் என்று பதறிக் கேட்டாள். அதோடு பாடம் முடிந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும்.

என்னைப் பற்றிய முடிவு தனியாக எடுக்கப்பட்டது. நான் வாயாடி. விருந்தாளிகள் முன்னால் எதையாவது உளறிவிடுவேன். எனவே அவர்கள் இருக்கும்வரை நான் பரணில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எலிகள் கூடத்துப் பக்கம் வந்தால் சத்தமில்லாமல் பின்பக்கம் விரட்ட வேண்டும். ஞாயிறு விடியலில்தான் அக்காவும் நானும் ஒரு பெரிய எலியைப் பிடித்திருந்தோம். வேலை மும்முரத்தில் அப்பா அதைக் கொண்டுபோய் விட மறந்துவிட்டார். டின் என் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே அது பிறாண்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்தார்கள். பலகை இடுக்கு வழியாக எனக்குத் தலைகள்தான் தெரிந்தன. மாப்பிள்ளையின் எண்ணெய் வைத்த தலை, அதில் இரண்டு காதும் இருந்தன. அவருடைய அம்மாவின் நரை ஓடிய கொண்டை. பிறகு அக்கா. நேரான வகிடு, கனகாம்பரம், தட்டில் கேசரியும் உளுந்த வடையும். அவள் குனிந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை, "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். 'கீங்க' என்று அவர் மரியாதையாகக் கேட்டது எனக்கே நன்றாக இருந்தது. அக்கா பதில் சொன்னது மேலே கேட்கவில்லை. அவளுடைய கால் பெருவிரல் மட்டும் தரையில் வட்டம் போட்டது.

அவருடைய அம்மா பேசினாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கு. ஆனா வாயில்லாப் பூச்சியா இருக்கும் போலயே. எங்க குவார்ட்டர்ஸு காட்டுக்குள்ள. பாம்பு வரும், பூரான் வரும். இவன் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருவான். இது ஒரு கரப்பானப் பாத்தாக்கூட மயங்கி விழுந்துரும் போல."

எங்கள் அம்மா அவசரமாக, "ஆமாங்க, ரொம்பப் பயந்த புள்ள. சின்னதுலருந்தே அப்படித்தான்" என்றாள். பயம் பெண்ணுக்கு ஒரு நகை மாதிரி என்று நினைத்துச் சொன்னாள்.

"அது சரி. ஆனா எங்களுக்கு அதுவே கஷ்டமாப் போயிரும்ல?"

அப்பா தொண்டையைச் செருமினார். அக்காவின் பெருவிரல் நின்றுவிட்டது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே என் அக்காவைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே உண்மை என் கையருகே டின்னுக்குள் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவள் எப்படிப்பட்டவள் என்று இவர்கள் ஒரு தடவை பார்த்தால் போதும், உடனே தட்டு மாற்றிக்கொள்வார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. பெருமைதான். டின்னைப் பெரிய இடுக்கின்மேல் சாய்த்து, மூடியைத் தள்ளினேன்.

எலி கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கூடவே கொஞ்சம் பஞ்சும் இறங்கியது. ஒரு நொடி எல்லோரும் அப்படியே இருந்தார்கள். பிறகு அது மாப்பிள்ளையின் அம்மா புடவைக் கொசுவத்துக்குள் பாய்ந்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தை, எங்கள் அம்மா முதல் நாள் கற்றுக்கொடுத்தது கிட்டத்தில்கூட நெருங்காது. மாப்பிள்ளை நாற்காலிமேல் நின்றார். தரகர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்த அம்மாள் துள்ளித் துள்ளிப் பின்னால் சாயப் போனாள். பின்னால் உரல் கிடந்தது. தலை அதில் பட்டிருக்கும்.

அக்கா எழுந்தாள். இடது கையால் அவளை இடுப்போடு அணைத்து நிறுத்தினாள். வலது கையைப் புடவை மடிப்புக்குள் விட்டுப் பிடரியைப் பிடித்து எலியை எடுத்தாள். "ஒண்ணுமில்லத்தை, ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்றாள். முறைகூடக் குழம்பவில்லை அவளுக்கு. அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் விட்டாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நெற்றியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே காப்பித் தட்டோடு திரும்பி வந்தாள். நான் பரணில் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். பெருமை தாங்காமல் கால் உதறியது.

மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரைத் தொடவில்லை. ஆறி, மேலே ஆடை கட்டி, அப்படியே இருந்தது.

சில நாள் கழித்துத் தரகர் வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

"பொண்ணக் கொற சொல்லல அவுக. தைரியமான பொண்ணுதான்னு சொல்றாக. ஆனா அந்தம்மா ஒரே வார்த்தைதான் கேட்டாக. எலியத் தொட்ட கையால சோறு போட்டா எப்படிங்க எறங்கும்னு."

உரலில் மண்டை உடையாமல் அந்த அம்மாளைக் காப்பாற்றியது அதே பெண்ணின் கைதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அப்பா தலையாட்டினார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு உள்பக்கம் அக்கா நின்றிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அன்றைக்கு அவள் குழாயடிக்குப் போனாள். சோப்பு, பிறகு சீயக்காய்த் தூள், பிறகு அடுப்புச் சாம்பல். மணிக்கட்டுவரை தேய்த்தாள். மதிலுக்கு மேலிருந்து காலா, "பஸ் பேட்டா, சம்டா நிக்ல்தா" என்று கெஞ்சினாள். தோல் உரிந்துவிடுமாம். அக்கா காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பரண் ஏறவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பரிமாறுவதையும் நிறுத்திவிட்டாள். சாதக் கரண்டியை அம்மா நீட்டினால், "நீங்களே போடுங்கம்மா" என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பை எடுத்துத் தராமல் இடத்தைக் காட்டுவாள்.

அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். பரண் விளிம்பில் காய்ந்த இலையும் கொழுக்கட்டைத் துணுக்கும் அப்பா கண்ணில் பட்டுவிட்டன. "நீ ஊட்டி வளத்த எலிதான்டி வந்து விழுந்துச்சு" என்றார். "சாமி வாகனத்தக் காட்டுல கொண்டுபோய் விட்டீகள்ல, அந்தக் கோபம்தான் இது" என்றாள் அம்மா. இருவருமே தன்மேல்தான் தப்பு என்று உள்ளே நம்பினார்கள். இல்லாவிட்டால் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். அம்மா கொழுக்கட்டையை நிறுத்தினாள். அப்பா காலாவிடம் போய், பூனையை அனுப்பச் சொன்னார். மெத்தையைக் கீழே இறக்கிப் பிரித்தபோது உள்ளே இருந்தவற்றைப் பூனை என்ன செய்தது என்பதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் பரணில் சத்தம் நின்றுவிட்டது. எங்களுக்கு வேண்டிய அமைதி அப்போது வந்து சேர்ந்தது, யாருக்கும் அது வேண்டாமலிருந்த நேரத்தில்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேரின் பாரமும் இறங்கியிருக்கும். எனக்கு ஒன்றிரண்டு அறை விழுந்திருக்கும். நான் சொல்லவில்லை. பயம். பிறகு வெட்கம். பிறகு வருஷங்கள் ஆகிவிட்டன, இனி எதற்கு என்று தோன்றியது. அம்மா, "என் கொழுக்கட்டையாலதான்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அக்காவுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் சாப்பாடு அங்கேதான். அவள் கையால் சாப்பிட்டவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். நம் பெஞ்சிலேயே இருவர் இருக்கிறீர்கள். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட என் வாய் திறக்கவில்லை. முள்ளுக்காட்டில் இன்று கட்டிடங்கள். அந்த ஓட்டு வீட்டு வரிசையும் இல்லை.

எங்கள் வீட்டைப் பற்றி நான் சொல்ல வந்த பெருமை இதற்கெல்லாம் முன்பு, அந்தக் கார்த்திகையில் நடந்தது.

தரகர் வந்துபோன பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் அப்பா சாப்பிடும் விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தனிப் பலகை, தனித் தட்டு, முதல் பந்தி. யாரோடும் சேர்ந்து உட்கார மாட்டார். தட்டில் ஒரு பருக்கை முன்னே பின்னே விழக்கூடாது. அன்று அவர் பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். என்னையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அடுக்களையில் வத்தக்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது.

"பெரிய சட்டியில சாதத்தப் போட்டு, குழம்ப ஊத்தி, நல்லெண்ணெய விட்டுக் கொண்டா" என்றார் அக்காவிடம். "பெசஞ்சு கையில போடு."

சின்னப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, கையில் உருண்டை உருண்டையாகப் போடுவதுண்டல்லவா? அப்படிக் கேட்டார், எங்கள் அப்பா.

அக்கா நகரவில்லை. "அம்மா போடுவாகப்பா."

"உன்னத்தான் சொன்னேன்."

"நக்கோப்பா. என் கை…"

அவர் வலது கையை நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மதிலுக்கு அந்தப்புறம் தையல் மெஷின் ஓடி நின்றது. அக்கா நிலைப்படியில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை வலிக்குதும்மா" என்றார் அப்பா.

அவள் உள்ளே போனாள். சட்டியோடு வந்தாள். உட்கார்ந்து, கையை விட்டுப் பிசைய ஆரம்பித்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்த இடமெல்லாம் குழம்பின் உப்பும் காரமும் பட்டு எரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள், நிறுத்தவில்லை. ஒரு உருண்டை உருட்டி, நடுவில் விரலால் குழி செய்து, குழம்பை ஊற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். நாங்கள் மூவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றார். கையை மறுபடி நீட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. புறங்கையால் துடைத்தாள், மூக்கில் குழம்பு ஒட்டியது. இரண்டாவது உருண்டையைப் போட்டாள். அடுத்து அம்மா கை நீட்டினாள். கடைசியாக நான். டின் மூடியைத் தள்ளிய கை அது. உருண்டை சூடாக வந்து அதில் விழுந்தது.

"குவிச்சுப் புடிடா. சிந்துது பாரு."

குவித்துப் பிடித்தேன்.